அவர் எதற்காகப் பேச எழுந்தார்?

நான்கு வருடங்களுக்கு முன், கல்வராயன் மலையில் ஒரு சிற்றூரில் கிராம சபைக் கூட்டம். மலையடிவார வடக்கனந்தல்காரனான நான் அப்போது ஒப்பந்த ஊழியன். மக்கள் மைக்கில் பேசுவதைக் கேட்டு, அது கோரிக்கையா, புகாரா, ஆலோசனையா என்று பிரித்துப் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதுவது என் வேலை. இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று, முதல் இரண்டு வாக்கியத்திலேயே இன்ன ரகம் என்று முடிவு கட்டிவிடுவேன்.

தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, பட்டா என்று வரிசையாகப் பேசி முடித்தார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது முப்பது வயதுள்ள ஒரு பெண் எழுந்து வந்து மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். போன வருடம் அடைமழையில் பாதை அறுந்து போனதாம். நிறைமாதத் தங்கைக்கு வலி எடுக்க, கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்களாம். 'பாதை வசதி, கோரிக்கை' என்று எழுதி முடித்தேன்.

அவரோ முடிப்பதாக இல்லை. தூக்கிய நால்வரின் பெயர், போர்வை யார் வீட்டுடையது, எந்தப் பாறையருகே வழுக்கியது என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மலையில் அப்படித்தான்; உதவியவர் ஒருவரையும் விட்டுவிட்டுப் பேச்சை நகர்த்த மாட்டார்கள். அது எனக்கு அன்று தெரியவில்லை. மேடையில் இருந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நான் போய், "எழுதிட்டேம்மா, ரோடு வந்துடும், உக்காருங்க" என்று மைக்கை வாங்கிவிட்டேன்.

அவர் சண்டை போடவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. மெதுவாகச் சொன்னார்: "நான் ரோடு கேக்க வரலைங்க. எனக்கு ஒண்ணும் வோணாம்."

"அப்ப இன்னாம்மா சொல்ல வந்தீங்க?"

"நர்ஸம்மா நாளைக்கு மாத்தலாகிப் போறாங்க. அதுக்குள்ள நாலு பேரு முன்னாடி சொல்லிடணும்னு வந்தேன்."

கடைசி வரிசையில் ஊரின் கிராம செவிலியர் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதிகாரியின் முகத்தைப் பார்க்காமல் மைக்கைத் திரும்ப அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தேன்.

பாதி வழியில் செவிலியர் மழையில் நனைந்தபடி எதிரே ஏறி வந்ததையும், பாதையோரத்திலேயே குழந்தை பிறந்ததையும் அந்தப் பெண் சொன்னார். குழந்தைக்கு மூச்சில்லை.

"வாய்ல வாய் வெச்சு ஊதிக்கினே இருந்தாங்க. நாங்கல்லாம் வுட்டுட்டோம், அவங்க வுடலை. புள்ள அழுதுச்சு. அப்புறம் அவங்க ஒரு மரத்துக்குப் பின்னாடி போய் நின்னு அழுதாங்க. அதை யாரும் பாக்கலை, நான் பாத்தேன். அதைத்தான் சொல்லணும்."

செவிலியர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த பெண்கள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். சாப்பாட்டை அதற்குப் பிறகு ஒருவரும் நினைக்கவில்லை.

இன்றும் யாராவது பேச்சைச் சுற்றி வளைத்தால், முன்பு போல எனக்கு எரிச்சல் வருவதில்லை. அந்தப் பெண் ஒரு வருடமாக நெஞ்சில் சுமந்த நன்றியை, இன்னும் ஒரு நிமிடம் அவசரப்பட்டிருந்தால் அவரோடே திருப்பி அனுப்பியிருப்பேனே என்ற பயம்தான் வருகிறது.