சாம்பலில் இருந்த கௌப்பி

கலேவெல பஸ் ஸ்டாண்டில் அவித்த கௌப்பிப் பயறு வாங்கியதும் முகர்ந்து பார்த்தேன். சாம்பல் வாசம் இல்லை.

நான் சிறுவயதில் இருந்தபோது, பல்லேகமவில் எங்கள் வீட்டு விதைக் கௌப்பி, வண்டு அரிக்காமலிருக்க அடுப்புச் சாம்பலில் கிடக்கும். ஒருநாள் அம்மாவின் அண்ணன் சொல்லாமல் வந்துவிட்டார். வீட்டில் வேறொன்றும் இல்லை. அம்மா அந்த விதையைக் கழுவி அவித்து, தேங்காய்ப்பூ தூவி வைத்தார்.

தோட்டத்திலிருந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"விதையவா அவிச்ச? மழைக்கு எதப் போடுறது?"

மாமாவின் கை பாதியில் நின்றது. அம்மா தலை நிமிரவில்லை.

"நீங்க சாப்பிடுங்கண்ணே. நல்லா கழுவித்தான் போட்டேன்."

தங்கையின் மனம் நோகக்கூடாதென்று மாமா ஒரு மணிகூட மிச்சமில்லாமல் தின்று முடித்தார். அதைத்தான் எங்களால் பார்க்க முடியவில்லை.

பஸ் வந்துவிட்டது. பசியில்லை. ஆனாலும் பொட்டலத்தின் மூலையில் ஒட்டியிருந்த கடைசி மணியையும் எடுத்துத் தின்றேன்.