முறுக்கிய முயல்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில், கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைவது தூபாவின் வேலை. இடது காலுக்கு மட்டும் வரைவாள். வலது காலை மெஷினே கண்ணாடி பிம்பமாய்த் திருப்பிக்கொள்ளும். பதினோரு வருடத்தில் வலது காலைத் தனியாகச் சரிபார்த்ததே இல்லை.

சாயங்காலமானால் வேலூர்க் கல்லூரியில் கணித ஆராய்ச்சி. பிஎச்.டி. பதிவின் கெடு இன்றோடு முடிகிறது. நீட்டிப்பு வேண்டாமென்று ஆராய்ச்சிக் கமிட்டி சொல்லிவிட்டால் ஏழு வருடமும் மண்.

ஒரு எண்ணை வர்க்கமாக்கி, இன்னொன்றைக் கூட்டி, வந்த விடையையும் திரும்பத் திரும்ப அப்படியே செய்துகொண்டு போனால் திரையில் காது நீட்டிய முயல் போல ஒரு படம் விழும். கூட்டும் எண்ணை மாற்றினால் அதன் பிம்பமான கண்ணாடி முயல், இல்லையென்றால் விமானம் போல ஒரு படம். முயல் கிடக்கும் பரப்பை ரப்பர் ஷீட் மாதிரி முறுக்கினால் மிஞ்சுவது மூன்றில் எது? அதைச் சொல்வதுதான் அவள் புரோகிராம்.

கமிட்டி உட்கார்ந்தது. அவளுடைய கைடு முனிரத்தினம் பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

“வலப்பக்கம் ஒரு முறுக்கு குடும்மா.”

விமானம். சரியான விடை.

“இடப்பக்கம்?”

மறுபடியும் விமானம்.

“கண்ணாடி முயல் எங்கம்மா? உங்க ஆம்பூர் பிரியாணில போட்டுட்டீங்களா?”

தூபா புரோகிராமைத் திறந்து பார்த்தாள். ஒரு பக்கத்தைக் கணக்கிட்டு, அதே விடையை மறுபக்கத்துக்கும் எழுதச் சொல்லியிருந்தாள். சோதித்ததும் ஒரு பக்கம்தான்.

முனிரத்தினம் குரலை மெலிதாக்கி அவளைப் போலவே இழுத்தார்: “‘ஒண்ணு செஞ்சா போதும் சார், இன்னொண்ணு தானா வந்துடும் சார்.’ இது இன்னா செருப்பா, ஜோடியா வர்றதுக்கு?”

கமிட்டி குலுங்கிச் சிரித்தது.

“ரெண்டே நிமிசம் சார்.”

நின்றபடியே நான்கு வரியை அழித்து எழுதினாள். இடப்பக்கம் ஒன்று: கண்ணாடி முயல். ஐந்து, நூறு, ஆயிரம் முறுக்கு கொடுத்தாலும் விடை தப்பவில்லை. சிரிப்பு நின்றது.

“ரெண்டு வருசம் முன்னாடியே பாத்தேன் இந்தத் தப்ப,” என்றார் முனிரத்தினம்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே சார்?”

“எதுக்கு? செருப்புக் கம்பெனிய வுட்டுட்டு வந்துடுவியா? நீட்டிப்பு வேணாம்னு காலையிலயே கையெழுத்து போட்டாச்சும்மா.”

அவள் லேப்டாப்பை மூடப் போனாள்.

“இரு, இரு. புரோகிராம மட்டும் பென் டிரைவ்ல குடுத்துட்டுப் போ. ஜெயப்பிரகாஷ்னு ஒருத்தன் புதுசா சேந்திருக்கான், ஃபுல் டைம். அவனுக்கு ஆகும்.”

“எம் பேரு வருமா சார்?”

“நன்றிப் பக்கத்துல போடச் சொல்றேன். எடம் இருந்தா.”

புரோகிராம் காப்பி ஆக நாற்பது விநாடி பிடித்தது. பென் டிரைவை உருவி, பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.