அம்மிக் குழவியும் ஒன்பது நாள் ஜெபமும்

சர்வேசுரனுக்குத் தோத்திரம். அந்தோணியார் எனக்குச் செஞ்ச உதவியை நம்ம கோயில்ல எழுந்து நின்னு சொல்றதா நேர்ந்திருந்தேன். அதான் நிக்கிறேன். நான் அறிவியல் வாத்தியார், கோவக்காரன். அது உங்க பிள்ளைகளுக்கே தெரியும்.

எனக்கு வந்த கஷ்டம் நோய் இல்ல, கடன் இல்ல. என்னை ஒருத்தரும் தனியா விடமாட்டேன்னாங்க. சிரிக்காதீங்க. பள்ளிக்கூடத்துல ஒரு வகுப்புக்கு ஐம்பது பிள்ளைங்க, வீட்டுல ஒம்பது பேரு. குளிக்கப் போனாக்கூட கதவைத் தட்டி, "சோப்பு இருக்கா?"ன்னு கேக்குற வீடு அது. சில நாள் எனக்கு அழுகையே வந்துடும்.

அறுபத்தொண்ணாம் வருஷம் ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகை பள்ளிக்கூடத்துக்கு வந்துச்சு. அதுல ஒரு படம். ஒரு ஆளு முதுகுல காத்துச் சிலிண்டரைக் கட்டிக்கிட்டு, மூஞ்சியில கண்ணாடியை மாட்டிக்கிட்டு, கடலுக்கு அடியில பவளத்துக்கு நடுவுல நீந்துறான். சுத்தி மீனு. பக்கத்துல ஒரு மனுசன் இல்ல! பதினஞ்சு வருஷமா பவளப்பூச்சியைக் கரும்பலகையில வரையுறேன், நேர்ல பார்த்ததில்ல. பெரிய லீவுக்குப் பாம்பன் போறது, பக்கத்துத் தீவுல மூணு நாள் இருக்குறது, தனியா தண்ணிக்குள்ள எறங்குறதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணினேன்.

சிலிண்டருக்கு எங்க போறது? லாரி டியூப்பை வெட்டி, கண்ணாடிச் சில்லை ஒட்டி முகமூடி செஞ்சேன். மூச்சு விட, ரெண்டாள் ஒசரத்துக்கு ரப்பர் குழாய் வாங்கிட்டு வந்தேன். அவ்வளவுதான், ஊரே கூடிருச்சு.

என் வீட்டுக்காரி ஆரோக்கியம், "எங்க மேல என்ன கோவம்?"னு மூக்கைச் சிந்துறா. உபதேசியார் வந்து, "வீட்டுல ஏதும் மனஸ்தாபமா வாத்தியாரே?"ங்கிறாரு. தனியா ஒருத்தன் கிளம்புனா அவன் சாகப் போறான்னே முடிவு கட்டிட்டாங்க. எல்லாத்துக்கும் மேல என் மச்சான், ஆரோக்கியத்தோட அண்ணன் சவரிமுத்து. புதுக்கோட்டைக் கடைவீதியில ஜவுளிக்கடை வச்சிருக்காரு.

"நானும் வாரேன் மாப்ள."

"மச்சான், உங்களுக்கு நீச்சலே தெரியாதே!"

"நீங்க உள்ள எறங்குங்க. நான் மேல ஒக்காந்து பேசிக்கிட்டிருக்கேன்."

நான் வேண்டாம்னதே அந்தப் பேச்சைத்தான்! தெனம் சாயங்காலம் வந்து, ரயிலு எப்ப, சோறு எங்க, தீவுல பாம்பு இருக்குமான்னு உசிரை வாங்கினாரு. எனக்கு மண்டை காஞ்சு போச்சு.

அந்தோணியாருக்கு நவநாள் ஆரம்பிச்சேன். நான் கேட்டது இதுதான், மறைக்காமச் சொல்றேன். "அந்தோணியாரே, என்னைத் தனியா விடச் சொல்லுங்க. இந்த மச்சானை எங்கிட்டாவது அனுப்பி வைங்க." ஒன்பது நாளும் மெழுகுவத்தி ஏத்தி இதையே கேட்டேன்.

ஒன்பதாம் நாள் செவ்வாக்கிழமை. காலைப் பூசை முடிஞ்சதும், யார் கண்ணுலயும் படாம ஊருக்கு வடக்க, மாடு கட்டித் தண்ணி எறைக்கிற எங்க கமலைக் கெணத்துக்குப் போனேன். ஒத்திகை பாக்கணும்ல. சும்மா எறங்கினா ஒடம்பு மெதக்கும்னு வீட்டு அம்மிக் குழவியை எடுத்துட்டுப் போயி இடுப்போட கட்டினேன். ஏறி வர ஒரு கயிறு வேணுமேன்னு தண்ணி எறைக்கிற வடக்கயித்தைக் கெணத்து மேட்டுக் கமலைக்கால்ல கட்டி, மறுமுனையையும் இடுப்புல கட்டினேன். குழாயோட மேல்முனையைப் படிக்கல்லுல கட்டி, கீழ்முனையை வாயில கவ்வி எறங்கினேன்.

தகர டப்பாவுல மேல, நடுவுல, கீழன்னு மூணு ஓட்டை போட்டுத் தண்ணி ஊத்துவேன், பிள்ளைங்களைக் கேட்டுப் பாருங்க. கீழ் ஓட்டையிலேருந்துதான் தண்ணி ரொம்பத் தூரம் பீச்சும். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும்னு வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துறேன். கத்தி என்ன புண்ணியம்? என் நெஞ்சும் அந்தத் தண்ணிக்குள்ளதானே இருக்கும்னு இந்த மரமண்டைக்கு ஒறைக்கல.

ஒண்ணரை ஆள் ஆழம் போனதும் மூச்சு இழுக்குறேன், வரல. குழாய் நல்லாத்தான் இருக்கு, காத்தும் மேல இருக்கு. நெஞ்சுதான் விரிய மாட்டேங்குது. குழவிக் கயித்தை அவுக்கலாம்னா நனைஞ்ச முடிச்சு எறுகிப் போச்சு. வடத்தைப் புடிச்சு ஏறக் கையில வலு இல்ல. குழாய் வாயிலேருந்து நழுவிருச்சு.

சுத்தி ஒரு சத்தம் இல்ல. ஒரு மனுசன் இல்ல. ஒன்பது நாளாக் கேட்டதை அந்தோணியார் அப்படியே குடுத்துட்டாருன்னு தோணிச்சு. எனக்கு வந்த பயத்தை என்னால சொல்ல முடியாது. "வேணாம் சாமி, யாரையாவது அனுப்புங்க, யாரா இருந்தாலும் சரி"ன்னு மனசுக்குள்ள அலறினேன்.

இடுப்புல ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. தலை தண்ணிக்கு மேல வந்துச்சு. பார்த்தா, கெணத்து மேட்டுல கயித்தைப் புடிச்சுக்கிட்டு வேட்டி அவுந்தது தெரியாம அழுதுக்கிட்டு நிக்கிறாரு சவரிமுத்து மச்சான்.

நடந்தது இதுதான். சட்னி அரைக்கப் போன ஆரோக்கியம் குழவியைக் காணோம்னு தேடியிருக்கா. வடக்கயித்தையும் காணோம், என்னையும் காணோம். பயணத்துக்காகக் கடையை அடைச்சாச்சுன்னு சொல்ல அன்னைக்குக் காலையிலேயே வந்த மச்சான்கிட்ட ஓடியிருக்கா. வடம் போனா கெணத்துக்குத்தான்னு அவரு ஒரே ஓட்டமா வந்து, படியில என் சட்டையையும் ஜெபமாலையையும் பார்த்துட்டு, நான் சாகத்தான் எறங்கிட்டேன்னு கயித்தை இழுத்திருக்காரு. எந்தச் சந்தேகத்துக்கு நான் தெனம் எரிஞ்சு விழுந்தேனோ, அதுதான் என் உசிரைக் காப்பாத்துச்சு.

"ஏன் மாப்ள இப்படிப் பண்ணினீங்க? ஆரோக்கியம் நல்லாப் பாத்துக்கலையா?"

அவரைக் கட்டிப் புடிச்சு அழுதேன்.

லீவுக்குத் தீவுக்குப் போனோம், ரெண்டு பேருமா. குழாயும் இல்ல, குழவியும் இல்ல. முகமூடியை மட்டும் மாட்டி, மூச்சைப் புடிச்சுக்கிட்டு, ஆழம் இல்லாத எடத்துல முங்கினேன். பவளத்தைப் பார்த்தேன். மஞ்சளும் ஊதாவுமா மீனு என் வெரலை வந்து முகர்ந்துச்சு. கண்ணாடிக்குள்ளேயே அழுதேன், ஆண்டவர் படைப்பு அப்படி. மச்சான் தோணியில ஒக்காந்து என் இடுப்புக் கயித்தைப் புடிச்சுக்கிட்டிருந்தாரு. அரை நிமிசத்துக்கு ஒரு தரம் இழுப்பாரு, இருக்கேனான்னு பாக்க. ஒரு மீனை முழுசாப் பாக்க விடல மனுசன்! எரிச்சலா வரும். ஆனா ஒவ்வொரு தரமும் நானும் திருப்பி இழுத்தேன்.

ஜெபம் பண்ணுங்க. தப்பாக் கேட்டாலும் பரவாயில்ல, கேளுங்க, அந்தோணியார் திருத்திக் குடுப்பாரு. நீங்க வேணாம்னு வேண்டிக்கிட்ட ஆளே நாளைக்கு உங்க வாசல்ல வந்து நிக்கலாம். கோவம் வரும், வரட்டும். உங்க கயித்தை ஒருத்தர் இழுத்தா, நீங்களும் ஒரு இழுப்பு இழுத்துச் சொல்லுங்க, இருக்கேன்னு.