தண்ணீர் என்று சொல்ல முடியாது

பதுளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஆசிரியர் அறையில் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'கேள்விக்குறி டீச்சர்'. அந்தப் பெயர் வரக் காரணம் செவ்வாய்க் கிரகம்.

சில வருடங்களுக்கு முன் செவ்வாயில் தண்ணீர் ஓடுகிறது என்று பத்திரிகைகள் எழுதின. அங்கே செங்குத்தான சரிவுகளில் வெயில் காலத்தில் கறுத்த கோடுகள் தோன்றி நீளுகின்றனவாம், குளிர் வந்ததும் மங்கி மறைகின்றனவாம், அந்த இடங்களில் உப்பின் அடையாளமும் தெரிகிறதாம். எல்லாம் விண்கலம் மேலேயிருந்து எடுத்த படங்களைப் பார்த்துச் சொன்ன கதை. நான் அந்தச் செய்தியை வெட்டி, சிவப்பு மையால் "செவ்வாயில் தண்ணீர்!" என்று தலைப்பு எழுதி, பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துப் பேசியும் விட்டேன். எனக்குத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வராதே.

கொஞ்ச காலம் போனதும் வேறு ஆராய்ச்சிக்காரர்கள் மறுத்தார்கள். அந்தக் கோடுகள் சரிவு குறைகிற இடத்தில் நின்றுவிடுகின்றன, காய்ந்த மணல் சரிந்தாலும் அதே மாதிரிதான் நிற்கும், தண்ணீர் என்றால் இன்னும் கீழே ஓடியிருக்குமே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எனக்கு யார்மேல் கோபம் வந்தது தெரியுமா? என் மேல்தான். செய்தியை மறுபடி வாசித்தேன். உள்ளே 'இருக்கலாம்' என்றுதான் இருந்தது. தலைப்பில் அது 'இருக்கிறது' ஆகியிருந்தது. நான் அதற்கு ஒரு ஆச்சரியக்குறியும் சேர்த்திருந்தேன். போய் அதன் பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டேன்.

பிறகு தென்துருவப் பனிக்கு அடியில் ஏரி இருப்பதாக ராடாரை வைத்துச் சொன்னார்கள். ஒருவகைக் களிமண் இருந்தாலும் அப்படித் தெரியலாம் என்று இன்னொரு கூட்டம் சொன்னது. அந்தச் செய்தியை ஒட்டும்போதே கேள்விக்குறியோடு ஒட்டினேன். அதிலிருந்து யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் என்ன?" என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. கன்டீனில் வடை இன்றைக்குச் சுட்டது என்றால்கூட விடமாட்டேன்.

என் அக்கா தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். நானும் அங்கே லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள்தான். அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், தேயிலை ஃபெக்டரி வேலையை விட்ட பிறகு ஒரு மாடும் லயத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் போஞ்சிக் கொடியும் வைத்திருக்கிறார். பிள்ளைகள் கொழும்பில். போன வருடம் ஐப்பசி மழை பிடித்த நேரம், ஒரு புதன்கிழமை, அக்கா போன் எடுத்தாள்.

"அடியே, லயத்துக்கு மேல பாறைக்குக் கீழ மண்ணு கறுத்துப் போயி கோடு மாதிரி எறங்குது. தண்ணி கசியுதுன்னு நெனைக்கிறேன். நாம குடிக்கப் புடிக்கிற பீலித் தண்ணியும் கலங்கி வருது. படம் அனுப்பியிருக்கேன், பாத்துச் சொல்லு."

எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. மழைக்காலத்தில் சரிவில் புதிதாகத் தண்ணீர் கசிந்தால் மலை சரியப் பார்க்கிறது என்று அர்த்தம். இரண்டு வருடங்களுக்கு முன் அப்படித்தான் கிராம சேவகர் வந்து எல்லோரையும் இறக்கினார். ஒரு பாடசாலை மண்டபத்தில் மூன்று கிழமை பாய் விரித்துக் கிடந்தார்கள். மலை அசையவில்லை. திரும்பிப் போனால் மாமாவின் போஞ்சியை யாரோ ஒரு பிஞ்சு விடாமல் பறித்துப் போயிருந்தார்கள். இனி யார் சொன்னாலும் இறங்கமாட்டேன் என்று மாமா அன்றைக்கே சொல்லிவிட்டார். மற்றக் குடும்பங்களும் அவர் இறங்கினால்தான் இறங்குவோம் என்று இருந்தன. நான் சொன்னால் மட்டும் கேட்பார் என்று அக்கா நம்பினாள். அதற்காகத்தான் போன்.

படத்தைப் பார்த்தேன். செங்குத்தான சரிவு, அதில் ஒரு கறுத்த கோடு. செவ்வாய்ப் படம் மாதிரியே இருந்தது. உடனே எனக்குள் இருந்த கேள்விக்குறி எழுந்து நின்றுவிட்டது.

"கறுப்பா இருந்தா தண்ணியாக்கா? நெழலா இருக்கலாம், பாசியா இருக்கலாம். மழை பேஞ்சா பீலி கலங்கத்தான் செய்யும். படத்தப் பாத்துத் தண்ணின்னு சொல்ல முடியாது."

"அப்ப இல்லேங்கிறியா?"

"இல்லேன்னும் சொல்லல. தண்ணின்னு சொல்ல முடியாதுங்கிறேன், அவ்வளவுதான்."

அக்கா "சரி" என்று வைத்துவிட்டாள். நான் போட்ட போடு சரியென்று எனக்குள் ஒரு திருப்தி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் இருப்பது இரண்டே அறை உள்ள வாடகை வீடு. இறங்கினால் இந்தத் தடவை அக்காவும் மாமாவும் என்னிடம்தான் வருவார்கள். மாமாவின் இருமல், காது கிழிய அவர் வைக்கும் டிவி, எல்லாம் ஒரு நிமிடம் மனதில் ஓடியது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஓடியது உண்மை.

சனிக்கிழமை டியூசன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் பஸ் ஏறினேன். தூறலில் மேடேறி, காலில் இரண்டு அட்டையோடு லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்காவின் பக்கத்துக் காம்பராவில் இருப்பவள் வாசலிலேயே சிரித்தாள்.

"வாங்க டீச்சர். ஒங்க புண்ணியத்துல நாங்க மூட்ட கட்டல."

எனக்கு விளங்கவில்லை. மாமா இஸ்தோப்புத் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "செவ்வாயிலயே தண்ணி இல்லேன்னு கண்டுபுடிச்ச ஆளு. நம்ம மலையில இல்லேன்னு சொல்றது பெரிய விசயமா?" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

"நான் எப்ப மாமா இல்லேன்னு சொன்னேன்?"

"தண்ணின்னு சொல்ல முடியாதுன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

எங்கள் பேச்சில் ஒரு ஆளைப் பற்றி 'நல்லவருன்னு சொல்ல முடியாது' என்றால் அவன் மோசமானவன் என்றுதான் அர்த்தம். அந்தப் பேச்சிலேயே வளர்ந்த எனக்கு இது தெரியாதா? பத்திரிகைக்காரர் 'இருக்கலாம்' என்பதை 'இருக்கிறது' ஆக்கியதற்கு அவ்வளவு குதித்தேன். என் 'சொல்ல முடியாது' நாலு நாளாக 'இல்லை' ஆகி இந்த லயத்தில் நடமாடியிருக்கிறது. அதை நம்பி ஆறு குடும்பம் அந்தச் சரிவுக்குக் கீழே தூங்கியிருக்கிறது.

அக்கா குசினியிலிருந்து வந்தாள். வா என்றும் சொல்லவில்லை, டீ குடிக்கிறாயா என்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். மாட்டுக் கொட்டகையைத் தாண்டி, தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு இல்லை.

"செவ்வாய்க்கு யாரும் போக முடியாது, படத்தப் பாத்துப் பேசுறாங்க. இங்க வர்றதுக்கு பஸ்ஸு இருக்குல்ல?" என்றாள். அவ்வளவுதான் திட்டு. அதற்குமேல் அவள் திட்டியிருக்கலாம்.

கறுத்த கோட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். படத்தில் தெரியாதது நிறைய இருந்தது. செடிகள் ஒரு வரிசையாகக் கீழ்ப்பக்கம் சாய்ந்திருந்தன. மேலே பாறையை ஒட்டி மண் வெடித்திருந்தது, என் பாதம் உள்ளே போகும் அகலத்துக்கு. அக்கா உள்ளங்கையை மண்ணில் வைத்து அழுத்தினாள். நானும் வைத்தேன். விரல்களுக்கு இடையில் சில்லென்று தண்ணீர் வந்தது. அவள் தன் கையை எடுத்து என் வெள்ளைப் பிளவுசில் நன்றாகத் தேய்த்தாள்.

"ஆதாரம் ஆதாரம்னு கேப்பியே. இந்தா."

கீழே இறங்கி லயத்துக்கு நடுவில் நின்று சத்தமாகச் சொன்னேன். "தண்ணிதான். தொட்டுப் பாத்தேன். மேல மண்ணு வெடிச்சும் இருக்கு. பாக்காமப் பேசுனது என் தப்பு. எல்லாரும் இன்னிக்கே எறங்குங்க."

மாமா அசையவில்லை. "மொதல்ல ஒண்ணு சொல்றீங்க, அப்புறம் ஒண்ணு சொல்றீங்க. எத நம்புறது?"

"மாமா, மாட்ட நீங்க அவுக்கிறீங்களா, நான் அவுக்கவா?"

கத்திவிட்டேன். என் வாழ்க்கையில் மாமாவிடம் அப்படிக் கத்தியதில்லை. அவர் என் பிளவுசில் இருந்த சேற்றைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் மாட்டை அவிழ்த்தார். கிராம சேவகருக்குப் போன் போட்டோம். பொழுது சாய்வதற்குள் ஐந்து குடும்பம் கீழே கோயில் மண்டபத்துக்குப் போனது. மாட்டையும் அங்கேயே கட்டிவிட்டு அக்காவும் மாமாவும் என்னோடு பதுளைக்கு வந்தார்கள். மாமா வந்ததும் டிவியைப் போட்டார். எவ்வளவு சத்தமாகவும் வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை விடியற்காலை மண் இறங்கியது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்துவிட்டு வர விட்டார்கள். மாட்டுக் கொட்டகை இருந்த இடம் தெரியவில்லை. மண் லயத்தின் பின்சுவர் வரை வந்து நின்றிருந்தது.

"பாத்தீங்களா டீச்சர், சொவரு நிக்கிது" என்றார் மாமா. "உள்ள இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

அக்கா என்னைக் குசினிக்குள் கூட்டிப்போனாள். சுவர் நின்றது உண்மைதான். பின் ஜன்னல் நிற்கவில்லை. அதன் வழியாக மண் உள்ளே கொட்டி, அடுப்பை மூடி, என் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

"மண்ணு எறங்குனப்ப நாலரை மணியாம். கோயில்ல இருந்தவங்க சத்தம் கேட்டாங்களாம்" என்றாள்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்குப் போகுமுன் அவள் ரொட்டி சுடுவாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நாலரை மணிக்கு அவள் குந்தியிருக்கும் இடம் அந்த அடுப்படிதான்.

அக்கா குனிந்து அந்தக் குவியலில் ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தாள். கொழகொழவென்று இருந்தது.

"இப்பச் சொல்லு டீச்சர்" என்றாள். அவள் என்னை ஒருநாளும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. "தண்ணின்னு சொல்லலாமா?"

"சொல்லலாம்க்கா" என்றேன். சேற்றுக் கையோடு அவளைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதேன்.