ஜெர்மனிக்கான ஜெபம்

எப்சிபா ஜெர்மனி போகப்போகிறாள் என்பது சித்தூருக்குப் பக்கத்திலிருக்கும் அவர்கள் சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்குத்தான் நிச்சயமாகத் தெரியாமல் இருந்தது.

எல்லாம் அவள் அப்பா ஜெபதாஸ் செய்த வேலை. மாம்பழக் கூழ் ஆலையில் மெஷின் பார்க்கிறவர், சபையில் மூப்பர். ஞாயிறு ஆராதனையில் "ஜெப விண்ணப்பம் இருந்தா சொல்லுங்க" என்று கேட்பது வழக்கம். யார் எதைக் கேட்டாலும், முன்னால் நிற்பவர் ஒன்றைக்கூட விடாமல் ஜெபித்தாக வேண்டும். மகள் நர்சிங்கில் சேர்ந்த வாரமே ஜெபதாஸ் எழுந்து, "எம்பொண்ணு ஜெர்மனி போறதுக்கு வழி தெறக்கணும்" என்றார். அவளை ஒரு வார்த்தை கேட்டாரா என்றால், இல்லை. காய்ச்சலில் கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள், கல்யாணம் தள்ளிப்போனவர்கள் பிள்ளையும் பெற்றுவிட்டார்கள். ஜெர்மனி மட்டும் வருஷக்கணக்கில் ஜெபத்திலேயே இருந்தது.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தத் தெருவில் மாடி எழும்பிய வீடெல்லாம் வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடு. படிப்பு அங்கே பஸ் மாதிரி. எந்த ஊருக்குப் போகும் என்று பார்த்துத்தான் ஏறுவார்கள்.

எப்சிபாவும் ஏறினாள். நர்சிங் முடித்துத் திருப்பதியில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள், சாயங்காலம் ஜெர்மன் வகுப்புக்கும் போனாள். புதிதாக வரும் பயிற்சிப் பெண்களை ஆஸ்பத்திரியில் அவளிடம் விட்டார்கள். ஊசி போடக் கை நடுங்கும் பெண்ணின் பக்கத்தில் நின்று, நடுக்கம் நிற்கும்வரை சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். மேலே படித்து நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்ற ஆசை அங்கேதான் அவளைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் மூச்சு விடாமல் நுழைவுத் தேர்வு எழுதினாள். திருப்பதியிலேயே எம்.எஸ்சி. இடம் கிடைத்தது. பார்த்தால் அதே வாரம் ஜெர்மன் தேர்விலும் பாஸ்.

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

"இன்னும் சதுவு, படிப்புன்னு இன்னாத்துக்கு?" என்றார் அவர். "சபையே ஜெபம் பண்ணிக்கினு கீது. ஜனங்க கேட்டா நான் இன்னா சொல்றது?"

"போவவே மாட்டேன்னு சொல்லல நைனா. இப்போ படிக்கணும்னு கீது."

அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். அம்மா தபீதாள் தட்டை எடுத்துக்கொண்டு, "வுடு, மெதுவா சொல்லலாம்" என்றாள். எப்சிபாவுக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. கேட்ட ஜெபத்தை ஊர் முன்னால் திருப்பி வாங்க எந்த மனுஷனுக்குத்தான் மனசு வரும்?

அந்த ஞாயிறு பாஸ்டர் வேறு சபைக்குப் போயிருந்ததால், ஜெபம் நடத்தும் முறை ஜெபதாசுக்கு வந்தது. முன்னால் நின்று விண்ணப்பம் கேட்டார். ஒருத்தர் முழங்கால் வலி சொன்னார், இன்னொருத்தர் மழை கேட்டார். மூன்றாவதாக எப்சிபா எழுந்தாள். ஜெபதாசின் முகம் மாறிவிட்டது.

"எனக்காக இவ்ளோ நாளா ஜெபம் பண்ணீங்க, ரொம்ப ஸ்தோத்திரம்," என்றாள். "திருப்பதியில மேல படிக்க சீட்டு கெடச்சிகீது. வெளிநாடு போறதுக்கு இல்ல, நர்சுங்களுக்குப் பாடம் சொல்லித்தர்றதுக்கு. எங்க நைனா என்னை மனசார அனுப்பணும். அதுக்கு ஜெபம் பண்ணுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஜெபதாஸ் கண்ணை மூடினார். முழங்கால் வலிக்கு ஜெபித்தார். மழைக்கு ஜெபித்தார், வழக்கத்தைவிட நீளமாகவே. பிறகு நிறுத்திவிட்டார். அப்படியே முடித்துவிடுவார் என்றுதான் எப்சிபா நினைத்தாள்.

"கர்த்தாவே," என்றார் கடைசியில். "ஜெர்மனி கேட்டது நான். அவ கேக்கல. அவ கேட்டதை அவளுக்குத் தாரும். எனக்கு இன்னும் மனசு வர்ல. அதையும் நீரே தாரும்."

சபை ஆமென் என்றது. எப்சிபா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பங்கு ஆமெனையும் தபீதாள்தான் சேர்த்துச் சொன்னாள்.