எதிர் அறைக்காரர் காட்டிய கால்

எண்பதுகளின் நடுவில், பொங்கல் முடிந்த கையோடு மதுரையில் நடந்தது இது. அவனியாபுரம் ரோட்டில் என் கணவர் மொபெட்டிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. கே.கே. நகரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, உள்ளே ஸ்டீல் பிளேட் வைத்தார்கள்.

காலில் போட்ட கட்டை யாரும் தொடக்கூடாது, பிரிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிருமி உள்ளே போய் பிளேட்டில் ஒட்டிக்கொண்டால் சில சமயம் எந்த ஊசிமருந்துக்கும் அடங்காதாம். அப்புறம் பிளேட்டையே எடுக்க வேண்டியதுதான், காலும் மிஞ்சுமோ என்னவோ. எதிர் அறையில் அப்படித்தான் ஒருவர் படுத்திருந்தார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் சொந்தக்காரர்களைப் பற்றித் தெரியாதா! அடிபட்டவரைப் பார்க்க வந்தால் கட்டிலில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, காயத்தைத் தொட்டு 'உச்' கொட்டினால்தான் பார்த்த மாதிரி. வாசலில் ஆட்டோ நின்றாலே எனக்குப் பகீரென்றது.

பயந்த மாதிரியே என் நாத்தனார் ஊரிலிருந்து ஒரு வேன் ஆட்களோடு வந்து இறங்கினார். கையில் கோயில் விபூதி, மஞ்சள்பொடி.

“கட்டை லேசா நெகிழ்த்தித் துளியூண்டு வச்சுவிடுறேன்” என்றார். நான் குறுக்கே நின்றேன்.

“எந்தம்பி காலைத் தொட எனக்கு உரிமை இல்லையாக்கும்?” என்று கத்தினார். என் கணவரோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது எதிர் அறைக்காரர் கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்தார். “ஆத்தா, புண்ணுதானே பாக்கணும்? இங்கிட்டு வந்து என் காலைப் பாருங்க. வாசல்லயே நில்லுங்க, தொட்டுறாதீங்க.”

போர்வையை விலக்கினார். கட்டெல்லாம் சீழ் கசிந்து ஊறியிருந்தது. நாற்றம் வாசல் வரை அடித்தது.

“எந்தங்கச்சியும் பாசத்துலதான் கட்டைப் பிரிச்சு மஞ்சள் வச்சா. எம்புட்டோ ஊசி போட்டாச்சு, கேக்கல. நாளைக்குப் பிளேட்டைக் கழட்டுறாக. அவ இந்தப் பக்கமே வராம வீட்டுல அழுதுக்கிட்டுக் கெடக்கா.”

நாத்தனார் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு வந்த சொந்தக்காரர்களை எல்லாம் மறித்து நிறுத்தியது அவர்தான், நான் அல்ல!

என் கணவர் பழையபடி கால் ஊன்றி நடந்தார். எதிர் அறைக்காரரை பிளேட் எடுத்த பிறகு வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் கால் பிழைத்ததா என்று எனக்குத் தெரியவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

ஆஸ்பத்திரிக்கு யாரைப் பார்க்கப் போனாலும் நான் வாசலோடு நின்று பேசிவிட்டு வந்துவிடுகிறேன். திமிர் பிடித்தவள் என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும், முன்பின் தெரியாத எங்களுக்காகக் கூச்சத்தை விட்டுத் தன் புண்ணைக் காட்டிய மனிதரைப் பார்த்தவள் நான்.