நடுப் பெடல்

அந்தக் கட்டடத்தில் அவளுக்குப் பியானோக்காரி என்றுதான் பெயர். ஆனால் அவள் வாசித்து அக்கம்பக்கத்தில் ஒருவரும் கேட்டதில்லை. மூன்றாம் மாடியில் ஒரு பியானோ இருக்கிறது என்பதே, அதைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று படிக்கட்டில் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டவர்களுக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும்.

காரணம் நாத்தனார். கணவனின் அக்கா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம். இரண்டாம் மாடியில் அவள் கட்டில் கிடப்பது, பியானோ நிற்கும் மூலைக்கு நேர் கீழே.

பியானோக்காரிக்கோ பகலை விட்டால் வேறு நேரம் கிடையாது. மாலையானால் நடனப் பள்ளிக்குப் போய்விட வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான் பிழைப்பு. குழந்தைகள் சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்குவார்கள், இவள் அதற்கு ஈடாக வாசிப்பாள். டீச்சர் கை தட்டினால் நிறுத்த வேண்டும், மறுபடி தட்டினால் விட்ட இடத்தில் பிடிக்க வேண்டும். ஒரு குழந்தையின் முழங்காலை டீச்சர் நேராக்கிக்கொண்டிருக்கும் இடைவெளியில், சும்மா இருக்க முடியாமல் விரல்கள் எதையாவது தேடும். அப்படித் தேடிக் கிடைத்த துண்டுகளை வீட்டுக்கு எடுத்து வந்து, மறுநாள் சோறு வடித்த கையோடு உட்கார்ந்து நீட்டுவாள். அவளுடைய பாட்டுகள் பிறந்தது அப்படித்தான்.

அவள் பியானோவுக்கு மூன்று பெடல்கள். நடுவில் இருப்பதை மிதித்து ஓரமாகத் தள்ளினால் அப்படியே மாட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே ஒரு கெட்டித் துணிப் பட்டை இறங்கி, கம்பிகளுக்கும் அவற்றைத் தட்டும் சின்னச் சுத்தியல்களுக்கும் நடுவே திரைபோலத் தொங்கும். வீட்டில் ஆள் தூங்கும்போது பழகுவதற்கென்றே வைத்தது. கல்யாணமாகி வந்த வாரமே அதை மாட்டினாள். அப்புறம் எடுக்கவே இல்லை. நாளடைவில், அது மாட்டியிருக்கிறது என்ற நினைப்பும் போய்விட்டது.

ஒருமுறை டீச்சர், பாடம் முடிந்து குழந்தைகள் தரையில் படுத்து இளைப்பாறும்போது போட ஏதாவது வேண்டும் என்றாள். பியானோக்காரி வீட்டில் பியானோவின் மூடியைத் திறந்து வைத்து, செல்போனை உள்ளேயே சாய்த்து, தன் பாட்டு ஒன்றைப் பதிந்து கொடுத்தாள். வகுப்பில் அது ஓடும்போது கதவுக்கு வெளியே, மகளின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த ஒரு தாய் அதைக் கேட்டுவிட்டாள். பெரிய அரங்கத்தின் மேலாளர் அவள்.

“இது யாரோடது?” என்று கேட்டாள். டீச்சர் பியானோக்காரி பக்கம் விரலை நீட்டினாள். அந்த மாதக் கடைசியில் ஒரு மாலை முழுக்க அவளுடைய பாட்டுகள் மட்டும் என்று முடிவானது. நடன வகுப்புக்கு வாசிப்பவள் என்ற பேர் போய், பாட்டு அமைப்பவள் என்று ஒரு சுவரொட்டியில் வந்தது.

ஒத்திகைக்குப் போனாள். மேடையில் கறுப்பாக, நீளமாக, மூடியை உயர்த்தி வைத்த பியானோ. முதல் பாட்டைத் தொடங்கியதும் கை தயங்கியது. வீட்டில் ஒவ்வொரு சுரமும் துணியில் பட்டுச் சட்டென்று அடங்கிவிடும். அடங்கிவிடுகிறதே என்று, ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தொட்டு அவள் கோத்திருந்தாள். இங்கே ஒன்றும் அடங்கவில்லை. முதலாவது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது அதன் தலையில் ஏறியது. காலால் நடுப் பெடலைத் தேடி மிதித்தாள். அது வேறு எதற்கோ உள்ளது. தன் பாட்டெல்லாம் அந்தத் துணியோடு சேர்ந்தே பிறந்தவை என்று அப்போதுதான் உறைத்தது.

“கணீர்னு இருக்கு,” என்றாள் மேலாளர், சந்தோஷமாக.

அன்று இரவு வேலைக்குக் கிளம்புமுன் டீ குடிக்க நாத்தனார் மேலே வந்தாள்.

“வாசிக்கலைன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்கா.”

“ஏன், கை வலியா?”

“இல்ல. அங்க வாசிச்சா அது என் பாட்டு மாதிரியே இல்ல.” தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னாள்.

நாத்தனார் டீயை ஊதுவதை நிறுத்தினாள். “அப்ப உன் பொழப்புல துணியப் போட்டு மூடினது நான்னு சொல்லு.”

“ஐயோ, அப்படிச் சொல்லலக்கா.”

“சொன்னா என்ன. ஒரு வார்த்தை கேட்டிருந்தா காதுல பஞ்சை வெச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன்.” டம்ளரைக் கீழே வைத்தாள். “சரி, இப்பக் கேக்குறேன். உனக்கு எது வேணும்? துணி இருந்தா, இல்லாமலா?”

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இவ்வளவு நாளும் அது இன்னொருத்தியின் தூக்கத்துக்காக.

“இருந்தாத்தான்,” என்றாள், மெதுவாக.

“அப்ப நம்ம பியானோவையே கொண்டுபோயிடலாம்,” என்றான் கணவன், தட்டிலிருந்து தலை நிமிராமல். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

“எதுல? இந்தக் கட்டடத்து லிஃப்ட்ல நான் நின்னாலே பையைத் தலைமேல வெச்சுக்கணும்,” என்றாள் அக்கா. “ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டுற, உன் பொண்டாட்டி சாமான் மட்டும் படியில இறங்கணும்.”

“எறங்கும்.”

“ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க,” என்று நாத்தனார் இவள் பக்கம் திரும்பினாள். “தெனமும் மொதல்லேர்ந்து வரிசையா வாசிச்சுப் பாப்பியே, அது கீழ எனக்குக் கேக்கும். எங்கயோ தூரத்துல மழை பெய்யற மாதிரி. ரெண்டாவது பாட்டு முடியறதுக்குள்ள தூங்கிடுவேன். மூணாவது எப்படி இருக்கும்னே தெரியாது. போய் வாசி.”

மறுநாள் பியானோக்காரி தானே மேலாளருக்குப் போன் செய்தாள். முன்பின் தெரிந்தவர்களிடமே போனில் பேசத் தயங்குகிறவள்.

“பின் வரிசைக்குக் கேக்காதேம்மா. மைக் வைக்கட்டுமா?”

“மைக் வெச்சா சத்தம் பெருசாகும், பாட்டு மாறிடும். நாற்காலியை மேடைக்குக் கொண்டு வந்துட முடியுமா?”

“எல்லாத்தையுமா?”

“வர்றவங்களுக்கு மட்டும்.”

மேலாளர் சிரித்துவிட்டாள். அரைமனதாகத்தான் சரி என்றாள்.

கச்சேரியன்று காலை, நாலு ஆட்களும் கணவனும் வார்களைத் தோளில் மாட்டிக்கொண்டு, படிக்குப் படி மூச்சு வாங்கி இறக்கினார்கள். மேடையில் பெரிய பியானோவின் பக்கத்தில் அது நின்றதைப் பார்த்துச் சுருதி கூட்ட வந்தவர், “கல்யாண வீட்டுக்கு பஸ்ல வந்த சொந்தக்காரர் மாதிரி நிக்குது,” என்றார். பொறுமையாகக் கம்பிகளை முறுக்கிச் சரிசெய்துவிட்டுப் போனார்.

மாலை, ஜனங்கள் மேடைமேலேயே சுற்றி உட்கார்ந்தார்கள். முன் வரிசையில் லீவு போட்டு வந்த நாத்தனார், பக்கத்தில் தம்பி. பியானோக்காரி உட்கார்ந்து முதல் சுரத்தைத் தொட்டாள். தாம்பாளம் விழுந்ததுபோல ஓசை எழுந்தது. நாத்தனார் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாள். சுருதி கூட்டுவதற்காகப் பெடலை விடுவித்தவர் திரும்ப மாட்டிவைக்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஒத்திகையன்று இருந்தவளாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பாள்.

“இருங்க,” என்றாள், யாரிடம் என்றில்லாமல். “இது இப்படி இல்ல.” நடுப் பெடலை மிதித்து ஓரமாகத் தள்ளினாள். உள்ளே துணி இறங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மறுபடி அதே சுரத்தைத் தொட்டாள். சுற்றியிருந்தவர்கள் தங்களை அறியாமல் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்கள்.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தபோது, கட்டைகளிலிருந்து கண்ணை எடுத்து ஓரமாகப் பார்த்தாள். நாத்தனாரின் இமைகள் சொருகிக்கொண்டு வந்தன. தலை ஒருமுறை சாய்ந்தது. தம்பியின் தோள்வரை போய், வெடுக்கென்று திரும்பியது.

இரண்டாவது பாட்டு அடங்கியதும் யாரோ கை தட்டப் போய் நிறுத்திக்கொண்டார்கள். பியானோக்காரி திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் இடது முழங்கையை வலது கையால் கிள்ளிப் பிடித்தபடி, கண்களை அகலத் திறந்து, வகுப்பில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவள்போல நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருந்தாள்.

அவள் மூன்றாவதைத் தொடங்கினாள்.